டபுள் எக்ஸ்எல் சேட்டிலிருந்து ஒரு குட்டிச் சட்டை

காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் பகுதியைத் தாண்டிக் கல்லடிப் பக்கம் வரும்போது, வீதியோரம் படங்கு விரித்து உடுப்பைக் குவித்து வைத்திருந்தார் ஒரு ராத்தா. வெளிநாட்டில் யாரோ உடுத்துக் கழித்து, பொதியாகக் கட்டி இங்கே வந்து இறங்கும் உடுப்பு. கிளறிக்கொண்டே போனதில் அடியில் கிடந்தது அந்தச் சேட். வெளிர் நீலம், மெல்லிய வெள்ளைக் கோடு, முழுக்கை, டபுள் எக்ஸ்எல். கொலர் மடிப்பில் நூல் எழும்பியிருந்தது. இரண்டு தெறியைக் காணோம்.

“கொலர் போயிட்டே ராத்தா.”

“கொலர் போனா என்ன தங்கச்சி, மத்த இடமெல்லாம் புதுசு மாதிரித்தானே கிடக்கு. முந்நூறைத் தாங்க.”

அவர் சொன்னது சரி. ஆண்கள் சேட்டில் முதலில் சாவது கொலர்தான். கழுத்து வேர்வையும் தாடி உரசலும் அந்த மடிப்பைத்தான் தின்னும். முதுகும், காற்சட்டைக்குள் செருகும் கீழ்ப்பாதியும் அப்படியே இருக்கும். குவியலில் எல்லாரும் பூப்போட்ட சட்டைகளைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் பெரிய ஆண்கள் சேட்டைத்தான் தேடுவேன். அந்த அளவுச் சேட் ஒன்றில் ஏறக்குறைய இரண்டு மீற்றர் துணி இருக்கிறது. இரண்டு மீற்றர் நல்ல பருத்தியைக் கடையில் வெட்டி வாங்கினால் முந்நூறு ரூபாய் எந்த மூலைக்கு?

வாங்க முதல் மூன்று காரியம் செய்தேன். சேட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முழங்கைப் பக்கமும் தோள்பட்டையும் நைந்திருந்தால் வெளிச்சம் அங்கே கூடுதலாகக் கசியும். அக்குளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் லேசாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை இழுத்துப் பார்த்தேன். உக்கிப்போன துணி அந்த இழுப்பிலேயே “கிரீக்” என்று சத்தம் போட்டுவிடும். இது சத்தமில்லாமல் நின்றது.

அக்காவின் மகளுக்கு ஏழு வயது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போட ஒரு சட்டை வேண்டும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது ஐந்து கிழமை.

வீட்டுக்கு வந்ததும் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக் காட்டினேன். உருகி உருண்டை கட்டியது. தையல் நூல்தான் பொலியெஸ்டர். துணியின் ஓரத்திலிருந்து உருவிய இழை கடதாசி மாதிரி எரிந்து, தொட்டதும் பொடிந்து போகும் சாம்பலானது. பருத்திதான், சந்தேகமில்லை. இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், பருத்தியோடு பொலியெஸ்டர் துண்டைச் சேர்த்துத் தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. அந்தப் பாடத்தை அப்போதே முழுதாகப் படித்திருந்தால் பின்னால் வந்த வில்லங்கம் வந்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தோய்ப்பதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினேன். சுடுதண்ணீரில் சவர்க்காரத்தூள் போட்டு ஊற வைத்து, அலசி, மறுபடி ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு ஊற வைத்தேன். பொதியில் நாள்பட்டுக் கிடந்த அந்தப் புழுங்கல் மணம் வினாகிரியில்தான் போகும். வாசனைத் திரவம் ஊற்றினால் மணத்துக்கு மேல் மணம் ஏறுமே தவிர உள்ளே இருப்பது போகாது. அக்குள் மஞ்சளுக்கு வெளிற்றும் குளோரின் திரவத்தை விட வேண்டாம். வேர்வைக் கறை அதில் இன்னும் மஞ்சளாகும். அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி அரை மணித்தியாலம் விட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். முன்பக்க விளிம்பில் சின்னதாக ஒரு துருக்கறை. அதற்குத் தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் போதும்.

கச்சான் காற்று வீசும் காலம். கொடியில் போட்ட சேட் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. மாரியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாதி காய்ந்த துணியை மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும், அது எதற்கும் போகாது.

அடுத்தது பிரிப்பு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அன்றைக்கு அக்காவும் வந்திருந்தா. கட்டுநாயக்க வலயத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருசம் வேலை செய்தவ. 1978இல் தொடங்கிய வலயம் அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பஸ் ஏறி அங்கே போய் வந்திருக்கிறார்கள். சேட்டைக் கையில் எடுத்தவ முதலில் கொலரைத் திருப்பினா, பிறகு உள்தையலில் இருந்த லேபலைப் பார்த்தா. மேட் இன் ஸ்ரீலங்கா.

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகாச் சொன்னா: “இந்த பேண்ட் பூட்டுறதுதான்கா எனக்கு ஆறு வருசமா வேல. கொலர் ஒருத்தி தைப்பா, நான் பேண்டப் பூட்டுவன், தெறிக்கண் இன்னொருத்தி வெட்டுவா. முழுச் சேட் ஒண்டு நான் தைச்சதே இல்ல.”

பேண்ட் என்பது கொலரின் கீழ், கழுத்தைச் சுற்றி நிற்கும் ஒடுக்கமான பட்டி. மேல்தெறி பூட்டுவது அதில்தான். இது அக்கா வேலை செய்த இடத்தில் தைத்ததா என்றெல்லாம் நாங்கள் ஆராயவில்லை. யாரோ ஒரு பிள்ளை இங்கே தைத்து, கப்பலேறிப் போய், யாரோ உடுத்து, திரும்பவும் கப்பலேறி வந்திருக்கிறது. அதைப் பிரிக்கும் வேலையை அக்காவிடமே கொடுத்தேன்.

பிரிப்பதில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சேட்டின் பக்கத் தையலை உள்பக்கம் பார்த்தால் சங்கிலி மாதிரிக் கோர்வை தெரியும். அது சங்கிலித் தையல். தையல் முடிந்த முனையைக் கண்டுபிடித்து, கடைசி நூலை விடுவித்து இழுத்தால் கீழிருந்து அக்குள் வரை ஒரே இழுப்பில் சரசரவென்று வந்துவிடும். தவறான முனையில் இழுத்தால் இறுகிக் கொள்ளும், நகராது. கொலரும் கைப்பட்டியும் அப்படியல்ல. அங்கே மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிக்கொண்டு போய், மறுபக்கம் திருப்பி நூலை இழுக்க வேண்டும். பிளேட்டால் கீறிக் கிழிக்கிற வேலை கூடாது. துணியில் ஒரு வெட்டு விழுந்தால் அந்த இடம் போனதுதான்.

அக்கா கொலரைக் கழற்றிய வேகம் நான் பார்த்ததில்லை. நூல் எழும்பிய மேல்கொலரை ஒதுக்கி வைத்தா. பேண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தா. சுற்றளவு 18 அங்குலம். பிள்ளையின் கழுத்துக்கு 12 போதும். “ரெண்டு நுனியும் வேணும், தெறியும் தெறிக்கண்ணும் அதிலதான் இருக்கு. நடுவுல வெட்டுவம்.” நடுவில் ஆறு அங்குலத்தை வெட்டி எடுத்து, இரண்டு பாதியையும் பொருத்தினா. மூட்டு சட்டையின் முன்கழுத்து நடுவில் வரும், தெறி பின்னால் வரும். உள்ளே ஒட்டியிருந்த விறைப்புத் துணியை இஸ்திரிச் சூட்டில் இளக்கி உரித்தா. “இந்தச் சூட்டுக்கு இது புள்ளைக்குக் குத்தும்.” மேல்கொலர் செருகியிருந்த வாயை உள்ளே மடித்து, விளிம்பிலிருந்து ஒரு நூல் அகலத்தில் மேல்தையல் ஓட்டினா. அந்தத் தையல் கோடு இன்று பார்த்தாலும் அடிமட்டம் வைத்துக் கீறினது மாதிரி இருக்கிறது.

வெட்டும் கணக்கு இது. சேட்டின் நீளம் 31 அங்குலம், சுற்றளவு 52. கீழிருந்து 19 அங்குலத்தில் குறுக்கே வெட்டினேன். கீழ்த்துண்டு பாவாடைப் பகுதி. சேட்டின் கீழ் விளிம்பு வளைந்து போகும், பக்கவாட்டில் இரண்டரை அங்குலம் குட்டை. அதை நேராக்கியதும் பதினாறரை மிஞ்சியது. மேல்த்துண்டின் முன்பக்கம், தெறிப்பட்டியோடு சேர்த்து, பிள்ளையின் சட்டைக்கு முதுகு. சேட்டை முன்பின்னாக மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். தெறியும் தெறிக்கண்ணும் தொழிற்சாலையில் செய்தது. எங்கள் மெசினில் அந்த அழகில் தெறிக்கண் வராது. நெஞ்சுப் பகுதியை ஒரு கையிலிருந்து வெட்டினேன். பெரிய சேட்டின் கையை விரித்தால் மேலே 18 அங்குல அகலம் கிடைக்கும், ஏழு வயதுப் பிள்ளையின் முன்பக்கத்துக்குத் தாராளம். மற்றக் கையிலிருந்து தோளுக்கு இரண்டு சுருக்குப் பட்டி. இடுப்பைச் சற்று மேலே தூக்கி, நெஞ்சுக்குக் கீழேயே சுருக்கு வைத்தேன், துணி அப்படித்தான் காணும்.

மெசின் அம்மம்மாவுடைய சிங்கர் கால் மெசின். 1877இல் இலங்கையில் கடை திறந்த கம்பெனி, இந்தக் கரை வரைக்கும் வீடு வீடாக வந்து சேர்ந்த மெசின். 2004இல் கடல் வந்தபோது இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, தோல் வார் மாற்றி இன்றும் ஓடுகிறது. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் இந்தத் தெருவில் தைக்க முடிந்தது இதில் மட்டும்தான். பழைய உடுப்பை மாற்றித் தைக்கத் தொடங்கியதும் அந்த வருசம்தான். புதுத்துணி விலை அப்படி ஏறிக் கிடந்தது.

நேர்தையல் ஒன்றுதான் இதில் வரும், ஓரம் பிசிறாமல் அடிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு தடவை தைப்பேன். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க, ஓரத்தோடு ஒட்டிக் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு தையல். பிசிறை வெட்டி, திருப்பி, நகத்தால் அழுத்தி மடித்து, உள்பக்கத்தில் இன்னொரு தையல். வெட்டு ஓரம் உள்ளேயே மூடுண்டு போகும். பிள்ளையின் தோலில் ஒன்றும் உரசாது. ஊசி 14ஆம் நம்பர். சுருக்குக்கு மட்டும் தையலை மிக நீளமாக்கி, மேல் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரி ஓட்டி, கீழ் நூல்கள் இரண்டையும் சேர்த்து இழுத்தேன். 52 அங்குலம் 28 ஆனது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டி வந்தால் சுருக்கு நிறைவாக விழும்.

சரி, இப்போது அந்த வில்லங்கம்.

பாவாடை நீளம் போதாது, கீழே பட்டி வைக்க வேண்டும். என்னிடம் ஒரு புதுக் கைத்தறித் துண்டு இருந்தது, நல்ல குங்குமச் சிவப்பு. நீலத்துக்குக் கீழே அந்தச் சிவப்பைப் பிடித்துப் பார்த்ததும் மனம் வேறெதையும் கேட்கவில்லை. சேட்டை அவ்வளவு பாடுபட்டுத் தோய்த்தவள் இந்தத் துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கூடப் பார்க்கவில்லை. புதுசுதானே, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, தங்கச்சிலை மாதிரி மாட்டி வைத்துப் பார்த்தேன். முதல் தோய்ப்பில் பட்டி இரண்டு அங்குலம் சுருங்கியது. சேட் துணி எத்தனையோ தடவை தோய்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்தது, அது அசையவில்லை. மூட்டு முழுக்கச் சுருக்கம் விழுந்து நெளிந்தது. போதாக்குறைக்குச் சிவப்புச் சாயம் இறங்கி, மூட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு நீலத்தில் இளஞ்சிவப்பு.

அழுகை வந்துவிட்டது. தீர்த்தத்துக்கு ஒன்பது நாள்.

காயவிடாமல் உடனே பட்டியைப் பிரித்து எறிந்துவிட்டுப் பாவாடையைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். சாயம் இறங்கிய துணியைக் காயவிட்டாலோ சூடு காட்டினாலோ பிறகு அதை எடுப்பது கடினம். சவர்க்காரத் தண்ணீர் மாற்றி மாற்றி ஆறு தடவை. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னா. துணியில் ஏறி முடிந்த சாயத்துக்கு உப்பு ஒன்றும் செய்யாது. மிஞ்சிய சாயத்தைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். மாலைக்குள் பெரும்பகுதி போய், தையல் வரியை ஒட்டி மங்கலாக ஒரு நிழல் மட்டும் நின்றது.

இரவு அப்பாவின் சாறன் ஞாபகம் வந்தது. மருதமுனையில் நெய்த கைத்தறிச் சாறன், கருநீலமும் வெள்ளையும் கட்டம். அப்பா இருந்த காலத்தில் கடைசி வரை கட்டியது. குந்தி இருக்கிற இடம் வலை மாதிரி நைந்துவிட்டது, மேல்ப்பக்கம் நெய்த அன்று இருந்ததைவிட உறுதியாக இருக்கிறது. கையில் எடுத்தால் துணி என்று தெரியாத அளவுக்கு மென்மை. நூற்றுக்கணக்கான தோய்ப்பில் விட வேண்டிய சாயத்தையெல்லாம் விட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, இனி மாறுவதற்கு ஒன்றுமில்லாமல் கிடந்தது அலுமாரியில். வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். துளி நிறம் ஒட்டவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். “வெட்டன் புள்ள. பெட்டிக்குள்ள கிடந்து பூச்சி தின்னவா?”

ஆறு அங்குல அகலத்தில் நேராக ஒரு பட்டி வெட்டினேன். அரை அங்குலம் மூட்டுக்கு, மூன்று வெளியே தெரிய, மிச்சம் இரண்டரையும் உள்மடிப்பு. கைத்துளைக்கு ஒன்றரை அங்குல அகலத்தில் மூலை விட்டமாகச் சாய்த்து வெட்டினேன். சாய்த்து வெட்டிய துணி வளைவுக்கு இழுபட்டுக் கொடுக்கும். அதோடு சாறன் கட்டம் சாய்வில் வரும்போது சின்னச் சின்ன வைரமாகிவிடும். வேறு அலங்காரம் கைத்துளைக்குத் தேவைப்படவில்லை.

மிஞ்சிய சாய நிழலுக்கு மேலே நூலோட்டம் போட்டேன். மெசினை விட்டுவிட்டுக் கையால். ஆறு இழை நூலைப் பிரித்து மூன்று இழையாக, வெள்ளை ஒரு வரி, கருநீலம் ஒரு வரி, கால் அங்குல இடைவெளியில் ஐந்து வரி, பாவாடையைச் சுற்றி. மனைப்பொருளியல் பாடத்தில் முதல் பழக்கும் தையல் அது. ஊசியை நேராகக் குத்தி இழுக்காமல், நாலைந்து தையலை ஊசியிலேயே கோர்த்துக்கொண்டு ஒரே இழுப்பில் எடுத்தால்தான் வரி அலையாமல் வரும். நாலு இரவு எடுத்தது. கறையை மறைக்கப் போட்டதுதான், ஆனால் சட்டையைப் பார்ப்பவர்கள் முதலில் கை வைத்துத் தடவிப் பார்ப்பது அந்த ஐந்து வரியைத்தான்.

சேட் பையைக் கழற்றிய இடத்தில் ஒரு நீலச் சதுரம் இருந்தது. சுற்றியுள்ள துணி வெளுத்து, பைக்குக் கீழே இருந்தது மட்டும் புதுசாக, கடும் நீலமாக நின்றது. ஊசித் துளைகளை ஈரம் தொட்டு, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து, இஸ்திரி வைத்ததும் துளை மூடிக்கொண்டது. நிறம் நிறம்தான். அதில் பாதி பாவாடைச் சுருக்குக்குள் ஒளிந்தது, மீதி முதுகில், தெறிக்குப் பக்கத்தில். என்ன வைக்கலாம் என்று பிள்ளையிடமே கேட்டேன்.

“மீன், சின்னம்மா.”

மீன் பாடும் ஊர் என்று பேரெடுத்த மட்டக்களப்பின் பிள்ளை வேறென்ன கேட்கும்? சாறன் துணியில் ஒரு மீனை வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டுத் தையல் போட்டு, சுற்றிக் கம்பளித் தையல் ஓட்டினேன். கட்டங்கள் செதிலாகிவிட்டன. கண்ணுக்கு, அந்தச் சேட்டின் கைப்பட்டியிலிருந்து கழற்றிய குட்டித் தெறி.

சம்கியும் வேண்டும் என்றாள். நான் வைக்கவில்லை. பிளாஸ்டிக் சம்கி இஸ்திரிச் சூட்டில் உருகி ஒட்டும், உள்பக்க முடிச்சு பிள்ளையின் முதுகை அராவும். மென்மையான பழைய பருத்தியில் பாரமான முத்தோ கண்ணாடியோ வைத்தால் அந்த இடம் தொங்கித் தொங்கிக் கிழியும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பின்னால் இன்னொரு துணி கொடுத்துத் தைக்க வேண்டும். மீனின் வாலில் பளபளப்பு நூலால் மூன்று கோடு இழுத்துக் கொடுத்தேன். சம்மதித்தாள்.

கழற்றிய பையை எறியவில்லை. பாவாடையின் வலப்பக்கத்தில் வைத்தேன். பை வாயின் இரண்டு மூலையிலும் முக்கோணமாக ஒரு தையல் போட வேண்டும்; பிள்ளைகள் பைக்குள் கையை விட்டுக் கீழே இழுப்பார்கள், முதலில் கிழிவது அந்த மூலைதான். அக்காதான் அதைச் சொல்லித் தந்தா, தைத்ததும் அவதான். அன்றைக்கு முழுச் சட்டையையும் மடியில் வைத்து, கழுத்திலிருந்து பட்டி வரை ஒவ்வொரு மூட்டாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுத்ததை நான் வெட்டுறன், நீ பார்த்துக்கொண்டிரு” என்றா.

தீர்த்தத்தன்று மாமாங்கத்தில் நல்ல சனம். சட்டை வேர்வையில் நனைந்து, குளத்தடியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தது. சாயம் இறங்கவில்லை, மூட்டு நெளியவில்லை. வீட்டுக்கு வந்து பையைத் திருப்பிக் கொட்டினால் ஒரு பிடி கச்சான் கோதும் ஈர மணலும். மூலைத் தையல் இரண்டும் நின்றது.

உள்மடிப்பில் இரண்டு அங்குலம் இருக்கிறது. அடுத்த ஆடிக்கு அதை இறக்கி விடலாம். அக்கா இப்போது ஒரு ஜீன்ஸைப் பிரித்துக்கொண்டிருக்கிறா. 16ஆம் நம்பர் ஊசி வாங்கி வரச் சொல்லியிருக்கிறா.